அம்பாசிடர் 1489 சி.சி. பெட்ரோல்: அறிகுறி பார்த்துப் பழுது பிடிக்கும் வழி

பழைய அம்பாசிடர் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "இன்ஜின் எப்படி இருக்கு?" அந்தக் கேள்வி இரண்டாவதாக வரட்டும். இந்த இன்ஜினில் வரும் கோளாறு எதுவானாலும் ஒரு நல்ல மெக்கானிக்கும் ஒரு லேத் பட்டறையும் இருந்தால் தீர்ந்துவிடும். பணத்தை விழுங்குவது துருப்பிடித்த பாடி. வண்டியையே வீட்டில் முடக்கிப் போடுவது சரியில்லாத ஆவணம். அதனால்தான் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் பழுதைக் கண்டுபிடிக்கும் வழியோடு, வாங்கப்போகும் வண்டியில் அது தென்பட்டால் விலையைக் குறைத்துப் பேசுவதா, விலகிவிடுவதா என்பதையும் சொல்லியிருக்கிறேன்.

இங்கே பேசுவது மார்க் 2 முதல் மார்க் 4 வரையிலான வண்டிகளில் வந்த 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினைப் பற்றி. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரின் வழிவந்த வண்டி இது. இன்ஜின் பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனத்து 'பி' சீரிஸ். இதே 1489 சி.சி. இன்ஜின்தான் எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடியது. இதைத் தயாரித்த மேற்கு வங்கத்து உத்தரபாரா ஆலையில் 2014 மே மாதம் உற்பத்தி நின்றுபோனது. பின்னாளில் வந்த 1.8 லிட்டர் இசுசு இன்ஜினுக்கு இதில் உள்ள அளவுகள் பொருந்தாது. பாடி, ஆவணம் பற்றிய பகுதிகள் எல்லா அம்பாசிடருக்கும் பொருந்தும்.

கையில் வேண்டியவை: ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடுகள்), பிளக் ஸ்பேனர், டெஸ்ட் லேம்ப், ரப்பர் பிடியுள்ள கட்டிங் பிளேயர், ஸ்டார்டிங் ஹேண்டில் (இன்ஜினைக் கையால் சுற்றும் கம்பி). ஹேண்டில் இல்லாமல் வண்டி விற்கிறார்கள் என்றால் சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடியாவது ஒன்றை வாங்கிவிடுங்கள். அதன் அருமை கீழே புரியும்.

செல்ஃப் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

கரண்ட்டா, பெட்ரோலா? இதை முடிவு செய்யாமல் எந்த ஸ்க்ரூவையும் தொடாதீர்கள். கார்புரேட்டரைக் கழற்றிக் குழப்பிவைத்த பிறகு, கோளாறு பாயிண்ட்டில் (கரண்ட்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனைகளில்) இருந்தது தெரியவந்தால் இரண்டு வேலையாகிவிடும்.

முதலில் கரண்ட். பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி நடுவில் செருகியிருக்கும் காயில் ஒயரை உருவி, பிளேயரால் பிடித்து, அதன் முனையை இன்ஜின் பிளாக்கின் இரும்பிலிருந்து ஆறு மி.மீ. தள்ளி வையுங்கள். இன்னொருவர் செல்ஃப் அடிக்கட்டும். நீலப் பொறி 'டப் டப்' என்று பாய்ந்தால் காயில், பாயிண்ட், கண்டன்சர் மூன்றும் நலம். அடுத்து மூடியையும் அதற்குள் சுழலும் ரோட்டாரையும் பாருங்கள். மழைக்காலத்தில் மூடிக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும். உலர்ந்த துணியால் துடைத்தாலே பாதி வண்டிகள் கிளம்பிவிடும். துடைத்தபின் மூடியின் உட்புறம் மயிரிழைபோல் கறுப்புக் கோடு தெரிந்தால் அந்த மூடி உதவாது. அந்தக் கோட்டின் வழியாகத்தான் கரண்ட் கசிந்து போகிறது.

பொறியே இல்லையா, மஞ்சளாக நோஞ்சானாக வருகிறதா? பாயிண்ட் இடைவெளியை அளந்து பாருங்கள். 0.38 முதல் 0.40 மி.மீ. இருக்க வேண்டும். முகம் கருகியிருந்தால் தேய்த்துச் சுத்தம் செய்யலாம், குழி விழுந்திருந்தால் மாற்றுங்கள். சாவி போட்ட நிலையில் பாயிண்ட்டைச் சிறு ஸ்க்ரூ டிரைவரால் விலக்கும்போது பாயிண்ட்டிலேயே பெரிய பொறி தெறித்தால் கண்டன்சர் போய்விட்டது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட்டுக்கு வரும் சின்ன ஒயரையும் விரலால் அசைத்துப் பாருங்கள். வெளியுறை நன்றாக இருக்கும், உள்ளே கம்பி அறுந்திருக்கும். அனுபவசாலிகளையே சுற்றவிடும் கோளாறு இது.

பொறி நன்றாக வந்தால் பெட்ரோல் பக்கம் வாருங்கள். கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு செல்ஃப் அடித்தால் பெட்ரோல் துடித்துத் துடித்துப் பீறிட வேண்டும். வராவிட்டால் பம்ப்பின் கீழுள்ள கை நெம்புகோலை அடித்துப் பாருங்கள். கையால் அடித்தும் வரவில்லை என்றால் டயாபிரம் கிழிந்திருக்கும், அல்லது பம்ப் மூடியின் கேஸ்கட் வழியாகக் காற்று இழுக்கும். பம்ப்பில் பெட்ரோல் வருகிறது, கார்புரேட்டரில் நிறையவில்லை என்றால் நீடில் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கும். ஃப்ளோட் சேம்பரை ஸ்பேனர் பிடியால் மெல்லத் தட்டினாலே பெரும்பாலும் விட்டுவிடும்.

விற்பவர் வண்டியில் இந்த அறிகுறி இருந்தால் கவலையே வேண்டாம். "ரெண்டு வருஷமா நிக்குது சார், ஸ்டார்ட் ஆகல" என்று சொல்லும் வண்டிதான் பலமுறை நல்ல பேரமாக அமைகிறது. ஆனால் ஹேண்டில் போட்டால் இன்ஜின் சுற்றுகிறதா என்று பார்த்த பிறகே பணத்தைப் பற்றிப் பேச வேண்டும். நின்றே இருந்து பிஸ்டன் இறுகிப்போன வண்டியின் விலை வேறு.

ஓடிச் சூடானதும் நின்றுவிடுகிறது, ஆறினால் தானாக ஓடுகிறது

சித்திரை, வைகாசி மாதங்களில் அம்பாசிடர்காரர்கள் அதிகம் பேசுவது இதைத்தான். "வேப்பர் லாக்" (பெட்ரோல் ஆவியாகி வழியை அடைப்பது) என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் இந்த ஓர் அறிகுறிக்குப் பின்னால் மூன்று வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. வண்டி நின்ற அந்த நிமிடத்தில் பார்த்தால்தான் எது என்று பிரித்தறிய முடியும். ஆறிய பிறகு மூன்றும் சாதுவாகிவிடும்.

நின்றவுடன் முதல் வேலை, பெட்ரோல் டேங்க் மூடியைத் திறப்பது. 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, பிறகு வண்டி கிளம்பினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி பம்ப்பால் இழுக்க முடியவில்லை. செலவு ஒன்றுமில்லை, துளையைக் குத்திவிட்டால் போதும்.

சத்தம் வரவில்லை என்றால் இரண்டாவதாக, மேலே சொன்னபடி காயில் ஒயரில் பொறி பாருங்கள். சூட்டில் பொறி செத்து, ஆறியதும் உயிர் பெற்றால் காயில் அல்லது கண்டன்சர். காயிலைக் கையால் தொட முடியாத அளவு கொதித்தால் அதன்மேல் சந்தேகம் கூடுகிறது. கண்டன்சர் விலை குறைவு, அதை முதலில் மாற்றிப் பாருங்கள்.

பொறி நன்றாக இருந்தால் மட்டுமே அது வேப்பர் லாக். மெக்கானிக்கல் பம்ப் பிளாக்கிலேயே பொருத்தப்பட்டிருப்பதால் இன்ஜினின் சூடு நேராக அதில் ஏறும். பெட்ரோல் உள்ளேயே கொதித்து ஆவியாகும். டயாபிரம் ஆவியை அமுக்குமே தவிர, பெட்ரோலைத் தள்ளாது. பம்ப்பின்மேல் ஈரத்துணி சுற்றுவது நம் டாக்ஸி டிரைவர்கள் காலங்காலமாகச் செய்த வைத்தியம். அது சோதனையும்கூட: துணி போட்டு ஐந்து நிமிடத்தில் கிளம்பினால் நோய் உறுதி. நிரந்தரமாகத் தீர, பெட்ரோல் குழாயை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து விலக்கிக் கட்டுங்கள், கார்புரேட்டருக்குக் கீழே வெப்பம் தடுக்கும் ஸ்பேசர் இருக்கிறதா என்று பாருங்கள், இன்ஜின் சூட்டையே குறைக்கும் வழியைத் தேடுங்கள். அடுத்த பகுதி அதைப் பற்றியதுதான்.

சிலர் டேங்க் அருகில் எலக்ட்ரிக் பம்ப் போட்டுவிடுகிறார்கள். நல்ல தீர்வு, ஆனால் கார்புரேட்டர் வண்டிகளுக்கான குறைந்த அழுத்தப் பம்ப்பாக இருக்க வேண்டும். இன்றைய இன்ஜெக்‌ஷன் கார்களின் பம்ப்பைக் கழற்றி இதில் மாட்டினால் நீடில் வால்வு அந்த அழுத்தத்தைத் தாங்காது. பெட்ரோல் வழிந்து மேனிஃபோல்டில் சொட்டும், வண்டி தீப்பிடிக்கும். இதில் விளையாட்டு வேண்டாம்.

இன்னொன்று. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ-20 பெட்ரோல். எத்தனால் பழைய ரப்பரை ஊதவைக்கும், பிசுபிசுக்கவைக்கும். பம்ப் டயாபிரம், ரப்பர் குழாய்கள் ஆகியவற்றை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றாமல் வண்டியை ரோட்டில் இறக்காதீர்கள். டேங்க்கின் அடியில் பல ஆண்டு படிந்த கசடையும் அது கரைத்துக் கொண்டுவரும். முதல் சில டேங்க் வரை ஃபில்டரை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும் என்பதால், மாதக்கணக்கில் நிறுத்தப்போகும் வண்டியின் டேங்க்கில் பழைய பெட்ரோலைத் தேங்கவிடக் கூடாது.

ஹீட் ஆகிறது

ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்காதீர்கள். தெரிந்தும் அவசரத்தில் திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு.

எளிதானவை முதலில்: ஃபேன் பெல்ட் தளர்ச்சி, கீழ் ஹோஸ் சப்பிப்போவது, இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருப்பது, பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுவது. இவை இல்லையென்றால் இன்ஜினைச் சூடாக்கி நிறுத்திவிட்டு ரேடியேட்டரின் முகத்தைக் கையால் தடவிப் பாருங்கள். ஓரிடம் சுட்டு, ஓரிடம் குளிர்ந்திருந்தால் குளிர்ந்த இடத்துக் குழாய்களில் உப்பு அடைத்திருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றியே வளர்ந்த வண்டிகள் இவை. ரேடியேட்டரைக் கழற்றி ராடு விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும்.

ரேடியேட்டரைச் சுத்தம் செய்தும் ஹீட் குறையாத வண்டிகள் உண்டு. அவற்றில் பிளாக்குக்குள்ளேயே சேறு இருக்கும். பிளாக்கின் பக்கவாட்டில், பின்புறமாக ஒரு வடிகால் குழாய் இருக்கிறது. ஆறிய இன்ஜினில் அதைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வரவில்லை என்றால் கம்பியால் குத்துங்கள். செங்காவிச் சேறு வரும். நான்காவது சிலிண்டரைச் சுற்றிக் கையளவு சேறு அடைந்திருந்தால், புது ரேடியேட்டர் போட்டாலும் அந்தச் சிலிண்டர் குளிராது. ஓடும் தண்ணீரைப் பின்னோக்கிச் செலுத்தித் தெளிவாக வரும்வரை அலசுங்கள். பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ட்டும் மட்டும் ஊற்றுங்கள்.

"நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு?" என்று, இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் அந்த வால்வைக் கழற்றி எறிந்துவிட்ட வண்டிகளே அதிகம். எனக்கு இதில் உடன்பாடில்லை. அது இல்லாத இன்ஜின் சூடேற வெகுநேரமாகும், அதுவரை சிலிண்டர் தேயும், ஆயிலில் கசடு சேரும். ஹீட் ஆவதற்குக் காரணம் வேறெங்கோ இருக்க, தண்டனை மட்டும் தெர்மோஸ்டாட்டுக்குக் கிடைக்கிறது.

கடைசிச் சந்தேகம் ஹெட் கேஸ்கட், அதாவது பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு. ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் கேஸ்கட் போய்விட்டது. டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தாலும் அதே தீர்ப்பு. இந்த இன்ஜினில் நடு இரண்டு சிலிண்டர்களுக்கும் எக்ஸாஸ்ட் வழி ஒன்றே. அதனால் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் சூடு அதிகம். கேஸ்கட் அங்கே எரிந்தால் தண்ணீர் குறையாது, புகை வராது. இழுவை மட்டும் போய், ஐட்லிங்கில் வண்டி குலுங்கும்.

அதைப் பிடிக்கத்தான் ஹேண்டில். சாவியை அணைத்து, நியூட்ரலில் வைத்து, மெதுவாகச் சுற்றுங்கள். இரண்டு முழுச் சுற்றில் நான்கு முறை கை கனக்க வேண்டும், நான்கும் ஒரே கனம். ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு முறை லேசாக இருந்தால் நடு இரண்டு சிலிண்டர்களைச் சந்தேகப்படுங்கள். ஒன்று மட்டும் லேசு என்றால் அங்கே வால்வோ ரிங்கோ. கம்ப்ரஷன் கேஜ் வைத்து அளந்து, பிறகு அந்தச் சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்தால் அதுவும் தெளிந்துவிடும்: அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

புகை

விற்பவர் வீட்டுக்குப் போனதும் முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், நீங்கள் வருமுன்பே வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜின் சொல்லும் உண்மை பலவற்றைச் சூடான இன்ஜின் மறைத்துவிடும். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். டிப் ஸ்டிக் ஆயிலையும் விரலில் தேய்த்துப் பாருங்கள். புகையையும் தட்டலையும் அடக்கக் கியர் ஆயில் மாதிரிக் கெட்டியான ஆயிலை ஊற்றி வைப்பது பழைய தந்திரம்.

கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் மிகுதி. எஸ்.யூ. கார்புரேட்டரில் சோக்கை உள்ளே தள்ளியபின்னும் ஜெட் கீழேயே தங்கிவிட்டதா என்று பாருங்கள், விரலால் மேலே தள்ளினாலே தெரியும். அதே கார்புரேட்டரில் திடீரென மிதித்தால் வண்டி திணறுகிறது என்றால், மேல்மூடியைத் திருகி டேம்பரில் ஆயில் இருக்கிறதா பாருங்கள். பலருக்கு அங்கே ஆயில் ஊற்ற வேண்டும் என்பதே தெரியாது. சொலெக்ஸ் கார்புரேட்டர் போட்ட வண்டிகளுக்கு இந்த இரண்டும் பொருந்தாது.

நீலப் புகையில் இரண்டு வகை. மலையிறக்கத்தில் காலை எடுத்துவிட்டு இறங்கி, மறுபடி மிதிக்கும்போது மட்டும் ஒரு கொத்து வந்தால் வால்வு கைடும் சீலும். ஹெட்டைக் கழற்றினால் முடியும் வேலை. எந்நேரமும் வந்து, ஆயில் ஊற்றும் வாயைத் திறந்தால் அங்கிருந்தும் குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரின் உட்சுவரும் (போர்) தேய்ந்துவிட்டன. அப்படியானால் இதுவரை எத்தனை முறை சிலிண்டரைக் கடைந்து போர் போட்டிருக்கிறது என்று லேத் ரசீதைக் கேளுங்கள். இனி பெரிய பிஸ்டனுக்கு (ஓவர்சைஸ்) இடமில்லை என்றால் சிலிண்டருக்குள் புதுக் குழல் (ஸ்லீவ்) போட வேண்டிவரும். அந்த முழுச் செலவையும் விலையில் கழித்துக் கேளுங்கள், வண்டியை மட்டும் விடாதீர்கள்.

சத்தம்

மேலே 'டிக் டிக்' என்றால் டாப்பெட், அதாவது வால்வு இடைவெளி. இன்ஜின் சூட்டில் 0.38 மி.மீ. எட்டு வால்வுக்கும் 'ஒன்பது' கணக்கு: எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்யுங்கள், ஏழாவது திறந்திருந்தால் இரண்டாவதை. இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும்.

டாப்பெட் சத்தத்தைவிட நான் அஞ்சுவது சத்தமே இல்லாமல் இடைவெளி குறைந்துகொண்டே போகும் வண்டிக்குத்தான். இந்த ஹெட்டின் வால்வு சீட்டுகள் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தவை, கடினப்படுத்தாத வார்ப்பிரும்பு. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டோடு ஈயப் பெட்ரோல் நின்றது. அதன்பிறகு வேகமாக, நெடுந்தூரம் ஓடும் வண்டிகளில் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்குள் புதைகிறது. ஒரே வால்வின் இடைவெளி திரும்பத் திரும்பக் குறைந்தால், அடுத்து ஹெட்டைக் கழற்றும்போது கடினமான சீட் இன்சர்ட் போட்டுவிடுங்கள்.

அடியிலிருந்து கனமான 'டொக் டொக்' வந்தால் ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது சத்தம் தணிகிறதோ அந்தச் சிலிண்டரின் பிக்-எண்டு பேரிங் (கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் இடம்). அதற்குமேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள், கிராங்க் கெட்டுவிடும்.

கிளட்ச் வழுக்குகிறது

பிளேட் தேய்ந்தது என்று முடிவுகட்டுமுன் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் கீழே ஆயில் சொட்டுகிறதா பாருங்கள். இந்த இன்ஜினின் பின்பக்கத்தில் இன்றைய கார்கள்போல் ரப்பர் சீல் கிடையாது. கிராங்கில் வெட்டிய திருகுவரிதான் ஆயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. பேரிங் தேய்ந்தாலோ, கிராங்க்கேஸ் காற்றுக்குழாய் அடைத்து உள்ளே அழுத்தம் கூடினாலோ ஆயில் வெளியேறிப் பிளேட்டை நனைக்கும். புதுப் பிளேட் போட்டாலும் சில மாதங்களில் திரும்ப வழுக்கும். காற்றுக்குழாயைச் சுத்தம் செய்வதுதான் முதல் வேலை. நின்ற இடத்தில் இரண்டு மூன்று சொட்டு ஆயில் விழுவது இந்த வண்டிக்கு இயல்பு.

முதல் கியர் 'கரக்' என்று விழுந்தால் அது பழுதல்ல. அதில் சின்க்ரோ (பல்சக்கரங்களின் வேகத்தைச் சமன்செய்யும் அமைப்பு) கிடையாது. வண்டி முழுக்க நின்றபின் போடுங்கள்.

சார்ஜ் இல்லை

டைனமோ உள்ள வண்டியில் ஐட்லிங்கில் லைட் மங்குவதும் சிவப்பு விளக்கு மினுக்குவதும் வழக்கம்தான். வேகம் எடுத்தும் அணையாவிட்டால் பெல்ட், கார்பன் பிரஷ், கட்-அவுட் (சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி) என்ற வரிசையில் பாருங்கள். பேட்டரியை மாற்றுமுன் எந்த முனை பாடியில் இணைந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கதவு சரியாகச் சாத்தவில்லை

இந்தச் சின்ன அறிகுறிதான் எல்லாவற்றிலும் பெரியது. அம்பாசிடருக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். கதவடிப் பெட்டி, தரை, பின் லீஃப் ஸ்பிரிங் தாங்கிகள், முன்னால் டார்ஷன் பார் வந்து பிடிக்கும் இடம் ஆகியவைதான் வண்டியைத் தாங்குகின்றன. இவற்றில் துரு தின்றால் பாடி நடுவில் தொய்ந்து, கதவிடைவெளி மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி ஆகிவிடும்.

கதவுகளைத் திறந்துவைத்து, பக்கவாட்டில் ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். பிறகு கதவைச் சாத்திப் பாருங்கள். தூக்குமுன் சாத்தியது இப்போது சாத்தவில்லை என்றால் பாடி வளைகிறது. காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவடியில் ஓட்டுங்கள். ஒட்டாத இடமெல்லாம் பட்டி பூசி மறைத்தது. தரை விரிப்பைத் தூக்கித் தரையைக் குத்திப் பாருங்கள். கடலோர ஊரில் வெளியில் நின்ற வண்டியானால் இதை இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள். பளபளவென்று புது பெயின்ட் அடித்து, இன்ஜின் பூனைபோல் ஓடினாலும் இங்கே துரு இருந்தால் விலகிவிடுங்கள். புகை கக்கும் இன்ஜினும் கெட்டியான பாடியும் உள்ள வண்டிதான் வாங்கத் தகுந்தது.

எண்கள் பொருந்தவில்லை

பெட்ரோல் வண்டியில் டீசல் இன்ஜின் ஏற்றியதும், பிறகு மறுபடி பெட்ரோலுக்கு மாற்றியதும் அம்பாசிடர்களில் சகஜம். ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் எண், எரிபொருள், சேஸிஸ் எண் மூன்றையும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒப்பிடுங்கள். இன்ஜின் மாற்றம் ஆர்.சி.யில் ஏறாமல் இருந்தால், அதை ஏற்றித் தருவது விற்பவர் பொறுப்பு. ஏறிய பிறகே பணம்.

தனியார் கார்களுக்குப் பதிவு 15 ஆண்டு, அதன்பின் எஃப்.சி. (தகுதிச் சான்று) பார்த்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். "50 வருஷம் ஆச்சு சார், வின்டேஜ் நம்பர் வாங்கிடலாம்" என்று ஆசைகாட்டினால் நிதானியுங்கள். 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 ஆண்டு தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு 'வி.ஏ.' வரிசை எண் கிடைக்கும், முதல் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அந்த எண்ணோடு கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் இறங்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மகாபலிபுரம் போய்வர நினைப்பவருக்குப் பழைய பதிவைப் புதுப்பிப்பதே சரி.

வெளிமாநில வண்டி என்றால் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணையில்லாச் சான்றும்), முன்பு வங்கிக் கடன் இருந்திருந்தால் அது அடைந்த சான்றும் கைக்கு வந்தபின் அட்வான்ஸ் கொடுங்கள். சேஸிஸ் எண்ணின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுங்கள். எழுத்துகள் சமமான ஆழத்தில் விழாமல், சுற்றிலும் அரத்தால் ராவிய தடம் தெரிந்தால் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்.